மணி அடிக்காத மதியம்

சர்ச்சில் மணியடிக்கும் தங்கபாண்டியன் துக்கமணிக் கயிற்றை இழுக்கப் போன நேரத்தில் ஷீலா ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, வேணாம். தம்பி பிரின்ஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல செஸ் ஆடிக்கிட்டிருக்கான், கடைசி ரவுண்டு. அவன் முடிச்சு வர்ற வரைக்கும் மணியே அடிக்காதீங்க.”

“சரி ஆத்தா. நீ சொல்லாம கயித்தத் தொடமாட்டேன்.”

அப்பா ஸ்டான்லியின் மூச்சு அடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தம்பியை ஆட விரட்டியவரே அவர்தான். “புள்ள ஆட்டத்தக் கெடுத்துராதீங்க” என்பதுதான் அவர் கடைசியாகப் பேசியது. இதில் ஜெயித்தால் பிரின்ஸின் ரேட்டிங் இரண்டாயிரத்தைத் தாண்டும். தன் ஏலக்காய்க் கடைக்கு வரும் போடிமெட்டு ஜீப் டிரைவர்களிடம்கூட அதைச் சொல்லித் தீர்த்தவர். செஸ் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது, அந்த இரண்டாயிரம் மட்டும் தெரியும்.

பள்ளிக்கூட ஹாலில் பெற்றோர் கூட்டத்துக்குப் பின்னால் ஷீலா மறைந்து நின்றாள். பிரின்ஸுக்கு எதிரே ஆடிய தேவாரம் ஊர்க்காரி முத்துப்பிரியாவுக்கு ரேட்டிங் கூடுதல். ஆனாலும் அவள்தான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிரின்ஸுக்கு ஒரு யானை அதிகம். வெரசா முடிச்சிருடா என்று ஷீலா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டுக்குத் தினமும் அடிக்கும் சர்ச் மணி அன்று அடிக்கவில்லை. தங்கபாண்டியன் அவள் சொன்னதற்கு மேலேயே கட்டுப்பட்டுவிட்டார். அவளுக்கு அந்த மணி நினைவிலேயே இல்லை.

பிரின்ஸ் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ஜன்னலை. பிறகு கூட்டத்தில் அக்காவை. அப்பாவை விட்டு நகராதவள் இங்கே நிற்கிறாள். அவள் சிரிக்கப் பார்த்தாள். பாழாய்ப்போன உதடு ஒத்துழைக்கவில்லை.

அவன் குனிந்துகொண்டான். சட்டுசட்டென்று ஆடுகிறவன் காயைத் தொடவே இல்லை. அவனுடைய ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆடுடா தம்பி, அப்பா கேட்டது இது ஒன்றுதானே. முத்துப்பிரியாவே பொறுக்க முடியாமல் கடிகாரத்தைக் கண்ணால் காட்டினாள். அவன் நிமிரவில்லை.

ஆட்டம் முடியும்வரை ஆடுகிறவரிடம் யாரும் எதுவும் பேசக் கூடாது என்பது விதி. முடிந்துவிட்டால் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்காமலிருக்கத்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று விளங்கியதும் அவளுக்கு அழுகை முட்டியது.

நேரம் தீர்ந்து நடுவர் வந்தார். பிரின்ஸ் தோல்விக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காய்களைப் பழைய இடங்களில் அடுக்கத் தொடங்கினான், முத்துப்பிரியாவுடையதையும் சேர்த்து.

ஷீலா அருகில் போனாள். “தம்பி...”

“இரு அக்கா,” என்றான் நிமிராமல். “இன்னும் சிப்பாய் வைக்கல.”

முத்துப்பிரியா எழுந்து இடம் விட்டாள். ஷீலா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.