செசிலியின் ஜெபமாலைக் கணக்கு

டைட்டஸ் நீந்துவதை எண்ணும் வேலை செசிலியின் தலையில் விழுந்தது அவள் வாயால்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், குளச்சலிலிருந்து போன வள்ளத்தில் வலை இழுக்கும்போது அவள் புருஷன் டைட்டஸுக்கு நெஞ்சு அடைத்தது. கூட்டாளிகள் கரைசேர்த்தார்கள், ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து மனிதர் ஐஸ் கம்பெனி வாசலில் காவலுக்கு உட்கார்ந்து, கடலைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நீந்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடல் தொழிலுக்குப் போகலாமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கூடாது என்றுவிடுவாரோ என்று அவருக்குப் பயம்; போகலாம் என்றுவிடுவாரோ என்று இவளுக்குப் பயம்.

கருங்கல் ஊருக்குப் பக்கத்துக் குளம் ஒன்றில், நாற்பது தாண்டியவர்களுக்குக் காலை நேரத்தில் நீச்சல் பயிற்சி கொடுத்துவந்தார் நாராயணபெருமாள் என்ற ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். டைட்டஸும் ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருந்தார். 2011 கிறிஸ்துமஸுக்கு மாஸ்டர் ஒரு விசேஷப் பயிற்சி வைத்தார். முதல் சுற்றில் குளத்தை ஒரு தடவை கடக்க வேண்டும். மூச்சு வாங்கிவிட்டு அடுத்த சுற்றில் இரண்டு தடவை, அப்புறம் மூன்று, இப்படியே பன்னிரண்டு சுற்று. கூட்டினால் எழுபத்தெட்டு. எண்ணுவதற்கு அவரவர் வீட்டு ஆளையே கூட்டிவர வேண்டும்.

"அத நீங்க முடிச்சா, புதுவருசம் கழிஞ்சு வள்ளத்துல போங்க. முடியலேன்னா கடலுக்குப் போற பேச்சே வீட்டுல எடுக்கப்பிடாது" என்றாள் செசிலி. எழுபத்தெட்டு என்று கேட்டதும் வந்த தைரியம் அது.

"சரி. ஆனா எண்ணுறது நீதான். நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்க" என்றார் டைட்டஸ்.

இருபத்துநாலாம் தேதி காலை, டைட்டஸோடு நீந்தும் ராஜையனின் மனைவி பூங்கனி, எண்ணுவதற்கு ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டையோடு படித்துறையில் வந்து உட்கார்ந்தாள். "நீயும் ரெண்டு பிடி எடுத்துக்கிடுதியா?" என்று கேட்டாள். செசிலி கையிலிருந்த ஜெபமாலையைக் காட்டினாள். நாற்பது வருடமாக உருட்டிய மாலை. ஒரு தடவை கடந்தால் ஒரு சின்ன மணி, பெரிய மணிகளை விட்டுவிட வேண்டும், பத்து மணி வீதம் ஐந்து பத்தும் ஒரு முறை முடிந்தால் ஐம்பது. இதற்குப் போய் புளியங்கொட்டை எதற்கு?

ராஜையன் ஏழாவது சுற்றிலேயே கையைத் தூக்கிவிட்டார். பூங்கனி கொட்டையை அள்ளிக்கொண்டு அவரோடு டீக்கடைக்குப் போனாள். டைட்டஸ் தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து, கடல்காரர் பாணியில் போய்க்கொண்டிருந்தார். ஒன்பதாவது சுற்று முடிந்தபோது செசிலியின் பெருவிரல் ஐந்தாம் பத்தின் ஐந்தாவது மணியில் இருந்தது. நாற்பத்தைந்து. கணக்கு சுத்தம்.

பத்தாவது சுற்றின் நடுவில் டைட்டஸ் சட்டென்று நின்றார். மல்லாந்து மிதந்தார். ஒரு கை நெஞ்சின்மேல் கிடந்தது.

செசிலி அவரைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். அருள் நிறைந்த மரியே என்று உதடு தானாக ஆரம்பித்தது. விரலும் தானாக நகர்ந்தது, ஒரு மந்திரத்துக்கு ஒரு மணி. அதற்குத் தெரிந்த வேலை அதுதானே. டைட்டஸ் புரண்டு மறுபடி நீந்தத் தொடங்கியபோதும் அவளால் ஜெபத்தை நிறுத்த முடியவில்லை. எந்த மணி மாதாவுக்கு, எந்த மணி டைட்டஸுக்கு? திரும்பிப் போகலாம் என்றால் எதுவரைக்கும் போவது? பெரிய மணியைச் சேர்த்தாளா, விட்டாளா? மாலை ஒரு முறை சுற்றியதா, இரண்டு முறையா? எதுவும் பிடிபடவில்லை. மாஸ்டரைப் பார்த்தாள். அவர் அக்கரையில் வேறு யாருக்கோ கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமோ. கடைசியில் டைட்டஸ் வந்து படியைப் பிடித்தார். புறப்பட்ட இந்தக் கரைக்கே வந்திருப்பதால் எண்ணிக்கை இரட்டைப்படை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம். அது எழுபதாகவும் இருக்கலாம்.

"எத்தற ஆச்சு செசிலி? எனக்குக் கணக்கு விட்டுப்போச்சு" என்றார். உதடு வெளுத்திருந்தது. "இனியும் உண்டும்னா சொல்லு. போறேன்." சொல்லும்போதே உடம்பு பாதி திரும்பிவிட்டது.

தெரியவில்லை என்றால் போவார். இன்னும் முடியவில்லை என்றாலும் போவார். போதும், ஏறுங்கள் என்று காலில் விழுந்தாலும் போவார். முப்பது வருடமாக அவள் பார்த்துவரும் பிடிவாதம். இந்த மனிதரைத் தண்ணீரிலிருந்து எழுப்ப அவளிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"முடிஞ்சு. ஏறி வாங்க."

"உள்ளதா? நெசமாத்தான் சொல்லுதியா?"

"உள்ளதுதான்."

டைட்டஸ் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். பிறகு சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"எனக்கு எழுவதுக்குப் பக்கம்தான் தோணிச்சு. மத்தவனுவ ஆராவது சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன். நீ பொய் சொல்லமாட்டல்லா, அதான் ஒன்ன எண்ணச் சொன்னேன்."

சொன்னது பொய்யா என்று செசிலிக்கே தெரியவில்லை. பொய் என்று தெரிந்தாலாவது பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். இதை எந்தக் கணக்கில் சொல்வது? ஜெபமாலையை விரித்துப் பார்த்தாள். ஐம்பது மணியும் ஒன்றுபோல மின்னின.

"வள்ளம் என்னைக்கு எறங்குதுன்னு இன்னைக்கே கேட்டு வைக்கணும்" என்றார் டைட்டஸ்.

செசிலி துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள், கொஞ்சம் பலமாகவே.