ஒரு மாத்திரை அளவு

1

சகல திசைகளிலும் உள்ள வாசகப் பெருமக்களுக்கு அறிவிப்பது: மனிதகுலத்தின் போக்கையே மாற்றப்போகும் கதை ஒன்று இங்கே ஆரம்பமாகிறது.

ஆரம்பமான இடம், ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. கதாசிரியர் தங்கைக்குத் துணையாக வந்திருந்தார். அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளை வளர வேண்டிய அளவு வளரவில்லை. (‘நான்’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். மூன்று முறை அடித்துவிட்டேன். ஆகவே ‘கதாசிரியர்’.)

2

முதல் தொடக்கம்: “உயிரின் ஆதி நதி வறண்டுகொண்டிருந்தது...”

தங்கை எட்டிப் பார்த்தாள். “எந்த நதி? எனக்கு நஞ்சுக்கொடியில ரத்தம் சரியா ஓடலைண்ணா. அதை எழுது.”

அடித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: பிள்ளைக்குச் சோறும் மூச்சும் அந்த வழியாகத்தான். அதற்குப் போய் நஞ்சு என்று பெயர் வைத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால், அவரை —

(கைவிடப்பட்டது. கோபம் வந்தால் கதாசிரியருக்கு இலக்கணம் வராது.)

3

இலக்கணம் என்றதும் ஞாபகம் வருகிறது. டாக்டரம்மா விளக்கியிருந்தார்: “ரெண்டு துடிப்புக்கு நடுவுலயும் ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கணும். இங்க நடுவுல நின்னுடுது.”

“எவ்வளவு நேரம்?”

அவர் விரலைச் சொடுக்கினார். “இவ்வளவுதான்.”

கை நொடிக்கும் நேரம், கண் இமைக்கும் நேரம்: பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு மாத்திரை என்று பெயர். ஒரு குறிலின் ஆயுசு. அந்த இடுக்கில் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது. அதை நிரப்ப முடியுமா என்று, ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள். அதுவும் மாத்திரை!

(கதாசிரியர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்ட இடம். வாசகர் தாண்டிப் போகலாம்.)

4

ஆய்வில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு. இரண்டும் ஒரே வெள்ளை. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. மருந்து உதவுமா என்பதே இன்னும் தெரியாது. அதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். தங்கை தெரிந்தேதான் சேர்ந்தாள்.

“கதையை எழுதறது நீதானே? நான் முழுங்கினது மருந்தா மாவான்னு உனக்காவது தெரியுமா?”

எல்லாம் அறிந்தவராகவே இத்தனை காலம் பிழைப்பு நடத்திய கதாசிரியர் சொன்னார்: “தெரியலைம்மா.”

முடிவு அ: மருந்து. பிள்ளை கொழுகொழு. மாமாவின் பெயரே சூட்டப்படுகிறது.

முடிவு ஆ: மாவு. அந்தப் பிள்ளை —

பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

“உள்ள இருக்கறதே இன்னும் முடிவு பண்ணல. நீ யாரு பண்ண?”

5

உள்ளே கூப்பிட்டார்கள். இருட்டறை. வயிற்றில் பசை தடவி, கருவியை வைத்ததும் ரத்தம் ஓடும் சத்தம் வந்தது: உஷ்... உஷ்... உஷ்...

ஒரே ஒரு பிள்ளைக்காக இவள் உடம்பும் அந்தப் பிள்ளையும் கூட்டுச் சேர்ந்து நஞ்சுக்கொடி என்று ஓர் உறுப்பையே புதிதாகச் செய்திருக்கின்றன. இரண்டு ரத்தமும் அதில் உரசிக்கொண்டு ஓடுகின்றன, கலப்பதில்லை. வேலை முடிந்ததும் கல்வெட்டு வைக்காமல் கழன்றுகொள்ளும். சின்ன வயதில் பல்லி விழுந்ததற்கு ஊரைக் கூட்டிய அதே தங்கை, இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாள்.

கதாசிரியர் உவமை தேடினார். இல்லை. முதன்முறையாக, இல்லாததில் வருத்தமும் இல்லை.

துடிப்பு. இடைவெளி. துடிப்பு.

வாசகரே, இனி உங்கள் காது. அந்த ஒரு மாத்திரைக்குள் ஏதாவது ஓடுகிறதா? எனக்குக் கேட்டது போலவும் இருக்கிறது, கேட்காதது போலவும் —

டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டார். “இப்ப அளக்க முடியாதும்மா, துள்ளுது. டீ குடிச்சிட்டு வாங்க.”

“எல்லாம் உன்னாலதாண்ணா,” என்றாள் தங்கை. “இப்படியா விடாம நினைச்சு நினைச்சு எழுதுவ?”

பிள்ளைக்கு விக்கல்.