கடல் நிறையும்போது நின்றுபோகும் கணினி

எங்கள் கெர்கெனா தீவில் கணினி பழுது பார்ப்பவள் நான் ஒருத்திதான். எந்தக் கணினி படுத்தாலும் திட்டு என் கடைக்குத்தான் வரும். லஸ்ஹர் மாமா தன் பழைய பெட்டியை மீன் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, திட்டு நியாயமானதாகவும் இருந்தது. அதில் புதுப்பிப்பை ஏற்றியவளே நான்தான்.

"ரௌதா, நல்லா ஓடிட்டிருந்த கழுதைக்கு லாடம் அடிக்கிறேன்னு கால ஒடச்சிட்டியே புள்ள" என்றார்.

அவர் மகன் வஜ்தி மூன்று வருடங்களுக்கு முன்பு, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு விடியலில் படகேறி இத்தாலிக்குப் போய்விட்டான். மனைவியை இழந்த மனிதருக்கு இருந்தது அவன் ஒருவன்தான். "எனக்குப் பிள்ளையே இல்ல" என்று சொல்லிவிட்டு அவரும் வாயை மூடிக்கொண்டார். போன மாதம்தான் அவன் தன் அத்தை மூலம் சொல்லி அனுப்பினான், அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. முகம் பார்த்துப் பேசும் செயலி அந்தப் பழைய கணினியில் ஏறவில்லை. நான் மொத்தத்தையும் புதுப்பித்துக் கொடுத்தேன். வஜ்தி கூப்பிட்டான். "அப்பா" என்றான். திரை நீலமாகி அணைந்தது. மூன்று முறை கூப்பிட்டான், மூன்று முறையும் இதே கதை. பிறகு அத்தையிடமிருந்து சேதி வந்தது. அவன் வாயைத் திறந்ததும் அப்பா மூஞ்சியில் அடித்த மாதிரி கணினியை மூடுகிறாராம், இனிமேல் அவன் கூப்பிட மாட்டானாம்.

"நான் மூடல. இந்தச் சனியன்தான் மூடுச்சு" என்றார் மாமா.

"என் போன்ல இப்பவே அவன்கிட்ட சொல்லிடுங்க."

"இரவல் போன்ல நின்னுக்கிட்டு, மெஷினு கெட்டுப்போச்சுடான்னு சாக்கு சொல்லவா? நம்புவானா? நீ சரி பண்ணிக் குடு. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் இது முழிச்சிருந்தா போதும்."

மூன்று நாள் அதோடு குடித்தனம் நடத்தினேன். தூசி தட்டினேன், நினைவக அட்டையை மாற்றிப் பார்த்தேன், விசிறியைக் கழற்றித் துடைத்தேன். புதுப்பிப்பைத் திரும்ப எடுக்கலாம் என்றால் அதற்கான பத்து நாள் கெடு தாண்டிவிட்டது. அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து எழுப்பினால் ஓர் இரவு முழுக்க நிம்மதியாக ஓடியது. ஆக, இரும்பில் குற்றமில்லை. உள்ளே ஏதோ ஒன்று எழுந்து வந்து கழுத்தை நெரிக்கிறது. எது என்றுதான் பிடிபடவில்லை.

அக்டோபர் காலைகளில் எங்கள் ஊரில் யாரும் அவசரப்படுவதில்லை. கடை வாசலில் பேய்க்கணவாய்கள் கொடியில் துணி மாதிரி காய்ந்தன. தெரு முனையில் கடல். இடுப்பளவுத் தண்ணீர்தான், கண்ணுக்கு எட்டியவரை நடந்தே போகலாம். வெளிறிய வெயிலில் அது எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கணினியின் முனகலைக் கேட்டபடி அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். திரை நீலமாகும்போது, அந்தக் கடலில் ஒரு துண்டு மேசைக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். எனக்கு அது பிடித்தும் இருந்தது, அதுதான் கேவலம். மாமா வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவர் வந்தபோது, என் கண்முன் கணினி செத்த நேரங்களை எழுதிய தாள் மேசையில் கிடந்தது. திங்கள் காலை எட்டு. செவ்வாய் எட்டு ஐம்பது. இன்று ஒன்பது நாற்பது. மாமா அதை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். சிரித்துவிட்டார்.

"நீ நெஜமாவே கெர்கெனாவுல பொறந்தவதானா? இல்ல அக்கரை ஸ்ஃபாக்ஸ் கப்பல்ல வந்து எறங்குன சரக்கா?"

"ஏன் மாமா?"

"தண்ணி நெறையிற நேரத்த எழுதி வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் சாகுற நேரங்குற."

எனக்குக் காது சுட்டது. கடல் தினமும் ஐம்பது நிமிடம் தள்ளித்தான் நிறையும். இங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் அது தெரியும். மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

"சரி, இந்தப் பெட்டிக்குக் கடலப் பத்தி யார் சொல்லிக் குடுத்தா?"

மாமாவின் சிரிப்பு நின்றது.

"அவன்தான். பதினஞ்சு வயசுல. தண்ணி நெறஞ்சா என்னைக் கூப்பிடுற மாதிரி ஒண்ண பண்ணி வச்சான். நான் எந்திரிச்சு, சாப்பிட்டு, கூடைய எடுத்துக்கிட்டு, வத்துறப்ப சர்ஃபியாவுக்குப் போயிடுவேன்."

சர்ஃபியா என்பது கடலுக்குள் நட்ட பேரீச்ச மட்டை வேலி. தண்ணீர் வற்றும்போது உள்ளே சிக்கிய மீனை அள்ள வேண்டும், விட்டால் கடல்காக்கைகள் அள்ளிவிடும். நாற்பது வருடத்தில் மாமா ஒரு முறைகூட விட்டதில்லை. மனைவியை அடக்கம் செய்த அன்றும் போனார்.

"இத ஏன் மாமா மொதல்லயே சொல்லல?"

"ரெண்டு வாரமா அது கூப்பிடல. அங்கிருந்தே அவன் நிறுத்திட்டான்னு நெனச்சேன்."

தேடினேன். கணினி எழும்போதே சேர்ந்து எழும் பட்டியலின் அடியில், 'அப்பா' என்ற பெயரில் ஒரு சின்ன நிரல் இருந்தது. பழைய ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசிப் பழகியது. புதுப்பிப்புக்குப் பிறகு அந்த அட்டை மற்ற ஒலிகளைத் தாங்கியது, இந்த நேரடிப் பேச்சை மட்டும் தாங்கவில்லை. நிரல் வாயைத் திறந்ததும் மொத்தமும் விழுந்தது. அந்தக் குரல் கேட்டு அப்பா எழுந்து வருவார் என்று தெரிந்துதான் வஜ்தியும் சரியாக அதே நேரத்தில் கூப்பிட்டிருக்கிறான்.

குரலை மட்டும் என் கணினிக்கு எடுத்து ஓடவிட்டேன். உடையத் தொடங்கியிருந்த ஒரு பையன் குரல்.

"அப்பா, எந்திரிங்க. தண்ணி நெறஞ்சிடுச்சு."

மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேற ஒலி அட்டை வெள்ளிக்கிழமைக் கப்பல்ல வந்துடும்" என்றேன். "அதுவரைக்கும் இத நிறுத்தி வைக்கிறேன். நெனச்ச நேரம் பேசலாம்."

"நிறுத்தாத."

"ரெண்டே நாள் மாமா."

"அவன் போன கோவத்துல வீட்டுல அவன் பேரச் சொல்றத நிறுத்தினேன். போட்டோவக் கவுத்து வச்சேன். இத மட்டும் நிறுத்தல புள்ள. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ அப்பான்னு கூப்பிட்டுச்சு. என் வாயால நிறுத்தச் சொல்ல மாட்டேன்." தெரு முனைக் கடலைப் பார்த்தார். "இன்னைக்கு வத்துறப்ப கூப்பிடச் சொல்லு. நான் வீட்டுல இருப்பேன்."

"வத்துறப்ப நீங்க சர்ஃபியாவுல..."

"சொல்லுன்னா சொல்லு."

அத்தையிடம் வஜ்தியின் எண் வாங்கி, அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

நான்கு மணிக்கு அவர் வீட்டில் கணினியை இணைத்தேன். சன்னலுக்கு வெளியே கடல் பின்வாங்கிப் போயிருந்தது. மட்டை வேலிகள் முழங்கால் தெரிய நின்றன, அவற்றின் மேல் காக்கைகள் வட்டமிட்டன. மாமா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அழைப்பு வந்தது. சமையல்கூடத்து ஏப்ரனோடு வஜ்தி தெரிந்தான். நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"அப்பா, உடம்புக்கு என்ன? வத்துற நேரத்துல வீட்டுல உக்காந்திருக்கீங்க?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப சர்ஃபியாவுல மீனு?"

"காக்கா தின்னட்டும்."

வஜ்தி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. நான் மெல்ல வாசலுக்கு வந்தேன். பின்னால் மாமா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அழாதடா. தண்ணி நெறைய இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. சொல்லு."