மொட்டுக் கிள்ளுகிறவர்

மலாயாவில் அரிசி கிடைக்காமல் ஊரே மரவள்ளி நட மண் தேடி அலைந்த காலத்தில் ஒருவர் தொட்டி தொட்டியாக மல்லிகை வளர்த்தால் சந்தேகம் வராதா? அதிலும் எதிர்வீட்டு மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர். ஜப்பான்காரன் நடத்தும் ரயில் ஆபீசில் இன்னமும் கணக்கெழுதும் கிராணி. ஆள்காட்டி என்று நினைக்க ராமலட்சுமிக்கு வேறென்ன வேண்டும்?

அவள் புருஷனைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்; அங்கே போனவர்கள் திரும்புவதில்லை. ஆள் பிடிக்கிறவர்களுக்குப் பயந்து ரப்பர் தோட்டத்திலிருந்து தப்பி ஈப்போவுக்கு வந்த தம்பி அர்ச்சுனன் அவள் வீட்டு மாடியில் ஒளிந்திருந்தான். அவளுக்கென்று மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

மயில்வாகனமோ விடிந்தும் விடியாமலும் வாசலுக்கு வந்துவிடுவார். மண்ணைக் கிளறுவார், தொட்டியின் அடி ஓட்டையைக் குச்சியால் குத்துவார், விட்ட மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிவார். வெள்ளிக்கிழமைகூட! சாமிக்கு ஒரு முழம் ஆகுமே என்று இவளுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். “ஏங்கய்யா, பூக்க விடாம கிள்ளிப் போடுறீங்க?”

“முதல் வருஷம் பூக்க விடக்கூடாது, பிள்ளை. சத்தெல்லாம் பூவுக்குப் போனால் வேர் ஓடாது. தண்ணியும் மண் காய்ஞ்ச பிறகுதான் நிறைய விடோணும். அப்பதான் வேர் தேடிக்கொண்டு கீழை இறங்கும்.”

சொல்லும்போதே அவர் கண் அவள் மாடி ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. வேராவது, மண்ணாங்கட்டியாவது! அவள் மாடிக்கு ஓடினாள்.

“அந்தாளு உன்னைக் கண்டுட்டான்லா தம்பி. இங்க இருக்காதே.”

“நான் தலையே காட்டலியேக்கா.”

கேட்டால்தானே? கிழங்கு லாரியில் சாக்குக்கு அடியில் அவனைப் படுக்கவைத்து, சுங்காய்த் தோட்டத்தில் இருந்த உறவுக்காரர் சன்னாசியிடம் அனுப்பினாள். அந்த வாரமே ஜப்பான்காரன் அந்தத் தோட்டத்தை வளைத்து, ஆண்களையெல்லாம் சயாமுக்கு ஏற்றிவிட்டான். லாரிக்காரன் வந்து சொன்னான்.

வத்தி வைத்தவன் இவன்தான் என்று எதிர்வாசலுக்குப் பாய்ந்தாள். அவள் வாய் திறக்குமுன் மயில்வாகனம் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பிக்கு என்ன, பிள்ளை? கொஞ்ச நாளா மாடியில இருமல் சத்தம் கேக்கேல்லை.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமலோ? ஆள் பிடிக்கிற லொறி விடியத்தானே வரும். வந்தால் ஓடிவந்து சொல்லத்தான் நான் நெடுகலும் வெளியில நிண்டனான். சும்மா நிண்டால் சந்தேகப்படுவினம் எண்டு இந்தப் பூச்சாடியள். உமக்குச் சொன்னால் பயந்திடுவீர் எண்டு சொல்லேல்லை.”

ராமலட்சுமி தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தான்யா அனுப்பினேன்,” என்றாள். “போகமாட்டேன்னு அழுதான். நாந்தான் லாரி ஏத்திவிட்டேன்.”