ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள்

மகள் மருந்துக்கடைக்குப் போன சமயம் பார்த்து, நனைத்த பஞ்சால் மனைவியின் உதட்டைத் துடைத்துக்கொண்டே அவர் பேச்சை எடுத்தார். எடுத்தார் என்று பேர்தான். மறுபடியும் பஞ்சை நனைத்தார். சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது சொல்லாவிட்டால் இனி யாரிடம் சொல்வது?

ஒரு காலத்தில் அவள் பியானோ வாசித்தால் அரங்கம் நிரம்பும். பக்கத்தில் உட்கார்ந்து இசைக்குறிப்புத் தாளைப் புரட்டுவது இவர் வேலை. ஒரு குறியும் படிக்கத் தெரியாது. அவள் தலையசைத்தால் புரட்டுவார். பூங்கொத்து அவளுக்கு, பார்க்கிங் சீட்டு இவருக்கு என்று வீட்டில் கேலி.

ஒரு கச்சேரியில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. அவள் விரல்கள் தடுமாறி நின்றன. பதறிப்போய் ஒன்றைப் பின்னால் தள்ளினார். அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது சரியான பக்கம்தான் எதிரே இருந்தது. அத்தனை பேர் முன்னால் பாதியில் எழுந்து போனாள். "எனக்குத் தலையில ஏதோ ஆயிடுச்சுங்க" என்று காரில் அழுதாள். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் இந்த மகானுபாவர்.

அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. எந்த ஸ்கேனிலும் எதுவும் தெரியாதது அவளை இன்னும் பயமுறுத்தியது. இருபத்திரண்டு வருடம் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "என்னை மாதிரி பாதியில நிக்காதீங்க" என்று அவர்களிடம் அவள் சொல்லும்போதெல்லாம் அடுத்த அறையில் இவர் செத்துப் பிழைப்பார்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உனக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டிட்டேன். நீ பாக்கறதுக்குள்ள திருப்பி வச்சிட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். அவரையே பார்த்தாள்.

"ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

அவள் கை மெல்ல அவர் பிடியிலிருந்து விலகிப் போர்வைக்குள் போனது. மற்றொரு கையும் போனது. வாய்விட்டுத் திட்டமாட்டாளா என்று தவித்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மகள் வந்து அரை மணி நேரத்தில் மூச்சு நின்றது. அழுது ஓய்ந்தபின் மகள் போர்வையைச் சரிசெய்யப் போனாள்.

"அம்மா கையை வெளிய எடுத்து வைக்கட்டுமாப்பா? கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோங்க."

"வேண்டாம்மா," என்றார். "உள்ளயே இருக்கட்டும்."

அப்பாவுக்கு மனசு தாங்காது என்று நினைத்து, மகள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.