ஆளுக்கொரு தள்ளு

எழுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே மூன்று மைலில் எங்கள் ஊர். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு என் மகள் வள்ளித்தாயை மாட்டுவண்டியில் கொண்டுபோனேன். தலைப்பிரசவம். விடியற்காலையில் பிடித்த வலி, மதியமாகியும் வழி பிறக்கவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் பெண்டாட்டி அழுதபடியே வந்தாள்.

தார் ரோட்டை எட்டக் கொஞ்ச தூரம்தான் இருந்தது. ஊறிப்போன கரிசலில் வலது சக்கரம் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. மாடுகள் இழுத்து நுரை தள்ளின. நான் ஆரக்காலைப் பிடித்துத் தம் கட்டித் தள்ளினேன். அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து என் தம்பி சங்கரபாண்டியன் காட்டு வேலை முடிந்து வந்தான். கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை போட்டு மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச்சில்லாதவர்கள் ஒரே பொருளில் சேர்ந்து கை வைப்பதும் எங்கள் ஊரில் கிடையாது. அவன் மாட்டைப் பார்த்துச் சொன்னான்.

"ஏ காளை, ஒன் மொதலாளியத் தள்ளி நிக்கச் சொல்லு. நான் ஒரு கை பாக்கேன்."

விலகினேன். அவன் தள்ளினான், அசையவில்லை. அவன் விலக, நான் தள்ளினேன். இப்படியே அரைமணி நேரம், மடையர்கள் இரண்டு பேரும்.

ஆள் மாற்றி ஆள் தள்ளினால் கொஞ்சம் கொஞ்சமாகவாவது நகரும் என்று நினைத்தோம். மண்ணுக்கு அந்த நியாயம் கிடையாது. நாம் எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு அதுவும் எதிர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை மீறுகிற பலம் ஒரே நேரத்தில் விழ வேண்டும். முந்தித் தள்ளியதை அது பிந்தித் தள்ளியதோடு சேர்த்துக்கொள்ளாது.

கடைசியில் வள்ளித்தாய்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, சித்தப்பா, ரெண்டு பேரும் சேந்து பிடிங்க. என்னால முடியல."

பிடித்தோம். தோளும் தோளும் உரசின. ஒரே தள்ளில் வண்டி மேலேறிவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்றுதான் இருந்தது.

மகள் பிழைத்தாள். பேரனை எடுக்கும்போதே மூச்சில்லை.

"ஒரு அரைமணி முந்திக் கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"என்ன செய்ய, தாயி. மண்ணு விடல" என்றேன்.

வண்டியோடு கூடவே வந்த தம்பி பக்கத்தில்தான் நின்றான். இந்தத் தடவை மாட்டைத் தேடவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"மண்ணு மேல பழியப் போடாதீய, அண்ணே."