வலைக்குள் வண்டு

அன்று காலையும் கொசுவலைக்குள் வண்டு இருந்தது.

குடைபோல விரியும் சின்ன வலை. அதன் விளிம்பு மெத்தையோடு ஒட்டித்தான் கிடந்தது. கிழிசல் எதுவும் இல்லை என்பதை பிரிஜா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தாள். உள்ளே பிள்ளை, அவன் காலடியில் அவள் மடித்து அடுக்கிய துணிகள், அவ்வளவுதான். ஆனாலும் அவன் தோளருகே ஒரு கறுப்பு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

அதைக் காகிதத்தில் ஏற்றி வெளியே போட்டாள். கையால் தொடக் கூடாது. மிரண்டால் இந்த வண்டு ஒரு நீரை விடும். பட்ட இடம் எரிந்து, சூடு வைத்தது போலப் பழுப்பாகும். பெரியவர்களுக்குத் தோல் உரிந்து ஆறிவிடும். இவன் பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதலில் கழுத்தில் பட்டது. நேற்று இடது கண்ணுக்குக் கீழே.

"தோல் ஆறிரும். கண்ணுக்குள்ள போகாம பாத்துக்கிடுங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

அருமனை ஊரில் அவர்கள் வீட்டைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள். உதிர்ந்த இலைச் சருகுக்குள் இந்த வண்டுகள் பெருகும். கோடை மழை விழுந்ததும் கூட்டமாகக் கிளம்பி, வெளிச்சம் தெரிகிற வீட்டுக்கு வரும். அதனால் அவள் கணவன் சிஜின் இருட்டத் தொடங்கியதுமே அறை விளக்கை அணைத்துவிட்டு வராந்தா பல்பை மட்டும் போடுவான். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்திருந்தான். கதவின் அடியில் சாக்கைத் திணித்திருந்தான். தந்திரம் பலித்தது. காலையில் பார்த்தால் வண்டெல்லாம் வராந்தாவில்தான் குவிந்து கிடக்கும். அறையின் தரையில் ஒன்றும் இல்லை, சுவரில் ஒன்றும் இல்லை. வலைக்குள் மட்டும் இருந்தது.

"வானத்துலேந்து விழுந்துச்சா?" ரப்பர் பால்வெட்டு முடித்து வந்த சிஜின் வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"உங்க மோன்ட்ட கேளுங்க. அவனுக்குத்தான் தெரியும்." அவளுக்குப் பேசவே ஆயாசமாக இருந்தது. இப்போதெல்லாம் உட்கார்ந்தால் கண் தானாக மூடியது. மூடினால் வண்டு தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் சிஜினின் அக்கா கிளாரா வந்தாள். கடலோரத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் கன்னத்தைப் பார்த்ததும் கையில் இருந்த மீன் பொதியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

"ஏட்டி, கண்ணுக்குப் பக்கத்துலயா? நாளைக்கு ஆட்டோ விளிச்சிட்டு வாறேன். பிள்ளயயும் எடுத்துட்டு எனக்க வீட்டுக்கு வா. அங்க ரப்பரும் இல்ல, வண்டும் இல்ல."

"உங்க மக ஜினிஷாவுக்கு இருமல் உண்டுல்லா மைனி?"

"அது பள்ளிக்கூடத்து இருமல். எல்லாப் பிள்ளியளுக்கும் உள்ளதுதான்."

"அவளுக்கு அது இருமல். இவனுக்கு மூச்சுல்லா முட்டும்."

"அப்போ நீயே சொல்லு மக்கா, இருமலா, வண்டா? கண்ணு போன பெறவு எனக்க தம்பி ரப்பர்பாலா ஊத்துவான்?"

"என்னை எதுக்குக்கா இழுக்க?" என்றான் சிஜின்.

பிரிஜா மீன் பொதியை வாங்கக் கை நீட்டினாள். கிளாரா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். "நீயும் பால் வெட்டப் போறியா? என்ன விரல்ல கறை?"

பிரிஜா பார்த்தாள். இரண்டு கைகளிலும் கட்டைவிரல் நுனி, சுட்டுவிரல் நுனி. பிள்ளையின் கழுத்தில் இருந்த அதே பழுப்பு. அவள் ஒரு வண்டையும் கையால் தொட்டதில்லை. பிறகு எப்படி? இந்த நான்கு நுனிகளும் சேர்ந்து செய்கிற வேலை எது? கிள்ளிப் பிடிப்பது. துணியின் மூலைகளைப் பிடித்து மடிப்பது.

வராந்தாவுக்குப் போனாள். மழைக்காக அங்கே, பல்புக்குக் கீழே கொடி கட்டியிருந்தார்கள். நேற்று காயாத துணி ஒன்று இரண்டாக மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பை விலக்கினாள். உள்ளே, மடிப்பு நெடுக, பப்பாளி விதைபோல வரிசையாக வண்டுகள்.

அந்த வண்டு வெளிச்சத்தைத் தேடி வரும். ஆனால் வெளிச்சத்திலேயே இருக்காது. வந்த பிறகு பக்கத்தில் இருட்டான இடுக்கு எது என்று பார்த்து ஒடுங்கிவிடும். பல்புக்கு அடியில் மடிந்து தொங்கும் துணியைவிட நல்ல இடுக்கு அதற்குக் கிடைக்காது. அவள் துணியெடுப்பது பல்பு போட்ட பிறகுதான். வாரி அணைத்துக்கொண்டு வந்து, வண்டுக்குப் பயந்து விளக்கணைத்த அறையில், பாதித் தூக்கத்தில் மடிப்பாள். மடித்ததை, அவசரத்துக்கு எடுக்க வசதியாக, வலைக்குள் வைப்பாள்.

"நான் பல்பு போட்டு வண்ட விளிச்சிருக்கேன். நீ தூக்கிட்டுப் போய் அவன்கூடக் கெடத்தியிருக்க," என்றான் சிஜின்.

கிளாரா சிரித்துவிட்டாள். பிரிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். "ஆட்டோ வேண்டாம் மைனி. நாளைக்குக் காலைல பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலை வலைக்குள் பிள்ளை மட்டும் இருந்தான். அவர்கள் செய்தது இதுதான்: பல்பை வராந்தாவிலிருந்து கழற்றிக் கிணற்றடியில் மாட்டினார்கள். துணியைப் பொழுது சாயும் முன்பே எடுத்து, ஒவ்வொன்றாக விரித்து உதறி, மூடியுள்ள வாளியில் வைத்தார்கள். வலைக்குள் பிள்ளையைத் தவிர வேறெதையும் வைக்கவில்லை.